சத்து

பெரியண்ணன் என்று பெயர் வைத்ததில் ஒரு வசதி இருந்தது. ஊரில் அவனைவிட மூத்தவர்களும் அவனை அண்ணன் என்றே கூப்பிட வேண்டியிருந்தது. காரிமங்கலத்துக்குத் தெற்கே, சர்க்கார் வரைபடத்தில் மட்டும் ஏரியாக இருக்கிற ஒரு பள்ளத்தை ஒட்டிய அந்த ஊரில், கல்லூரி வரைக்கும் போன ஒரே ஆள் அவன்தான். சேலத்தில் இண்டர்மீடியட். முதல் வருஷத்தையே இரண்டு தடவை படித்திருந்தான். பையன் ஆழமாகப் படிக்கிறான் என்று அவன் அப்பா வெளியில் சொல்லிக்கொண்டார்.

கல்லூரியில் அவன் பெயர் பரவியதற்கும் படிப்புக்கும் சம்பந்தம் இல்லை. விடுதியில் அவன் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினான். பெயர் ‘கொசு’. மாதத்துக்கு ஒரு பிரதி, அதுவும் கைமாறிக் கைமாறிக் கிழிகிற வரைக்கும். வார்டன், கணக்கு வாத்தியார், சாம்பார் என்று அது கடிக்காத ஆளோ பொருளோ இல்லை. கடைசி இதழில் ‘தமிழனுக்குத் தெரிந்த ஒரே கேள்வி’ என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தான். கேள்வி: சாப்பிட்டாயா? உலகம் முழுக்கக் குண்டு விழுந்துகொண்டிருந்த வருஷங்களில், அவன் அம்மா தீர்த்தம்மாள் ஆள் வைத்து எழுதி அனுப்பிய அத்தனை கார்டுகளிலும் இருந்த செய்தி அது ஒன்றுதான் என்று முடித்திருந்தான். விடுதியே விழுந்து விழுந்து சிரித்தது.

சண்டை முடிந்த வருஷம், மார்கழி விடுமுறைக்கு அவன் ஊருக்கு வந்த மறுநாள் காலை, நஞ்சம்மாள் வந்தாள்.

மேற்குக் கோடியில் இருந்த கன்னடக்காரர் வீடுகளில் ஒன்று அவளுடையது. கன்னட நாட்டு எல்லையில் இருக்கிற தளிப் பக்கத்திலிருந்து எப்போதோ பிழைக்க வந்தவர்கள். ஊரோடு தமிழ் பேசுவார்கள். வாசற்படி தாண்டி உள்ளே போனால் அவர்கள் பாஷை. பெரியண்ணனுக்கு அதில் நான்கு சொற்கள் தெரியும். நான்கும் பெண்கள் முன்னால் சொல்லக்கூடியவை அல்ல. அந்த நான்கையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நஞ்சம்மாளின் மகன் மாதப்பன். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். போன சித்திரையில் பர்மாவில் செத்துப்போனான் என்று தந்தி வந்திருந்தது. எப்படி, எதனால் என்று தந்தியில் இல்லை. தந்தியில் அதற்கெல்லாம் இடம் இருப்பதில்லை.

நஞ்சம்மாள் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு அலுமினியத் தட்டு, ஒரு சீப்பு, உள்ளங்கை அகலத்தில் ஒரு டைரி.

“பட்டாளத்துல இருந்து பார்சலு வந்துச்சு கண்ணு. அவன் பொருளாம். இதுல தினமும் எளுதியிருக்கான். எங்க சனத்துல ஒருத்தருக்கும் எளுத்து தெரியாது. நீதான் படிக்கணும்.”

“படிச்சாப் போச்சுங்க பெரீம்மா. என்ன தெரியணும்?”

அவள் தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவன் போகமாட்டேன்னுதான் சொன்னான். மழை இல்ல, ராயி வெளையல, சந்தையில தமுக்கு அடிச்சு ஆளு எடுத்தாங்க. மூணு வேளை சோறு, ஞாயித்துக்கெளம கறின்னாங்க. நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி வரிசையில நிறுத்துனேன். போயி வயிறு நெறய தின்னுடான்னேன். எங்க நாத்தனா கோவிந்தம்மா இப்ப ஊரு கெணத்துல நின்னு பேசறா, பெத்த புள்ளயக் களிக்கு வித்தவன்னு. பேசட்டும். அங்க அவன் நல்லாத் தின்னானா? அதை மட்டும் பாத்துச் சொல்லு.”

“வெச்சுட்டுப் போங்க. நாளைக்குச் சொல்றேன்.”

அவள் தட்டையும் சீப்பையும் முடிந்துகொண்டு, டைரியை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். ஏழெட்டு மாதமாக அவள் ஒரு வேளைக்கு மேல் தின்பதில்லை என்று உள்ளிருந்து தீர்த்தம்மாள் சொன்னாள். சொல்லிவிட்டு, “நீ சாப்புட்டியாடா?” என்றாள்.

டைரி பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. எழுத்தெல்லாம் தமிழ், குண்டு குண்டாக, அஞ்சாம் வகுப்பு வாத்தியாரின் அதட்டல் இன்னும் தெரிகிற மாதிரி. ஆனால் ஒரு வரிகூட விளங்கவில்லை. ‘இவத்து’ என்று இருந்தது. ‘ஒட்டெ’ என்று இருந்தது. பெரியண்ணன் நாலு பக்கம் புரட்டிப் பார்த்து, தன் பழைய தோழனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்று முடிவு செய்தான். தமிழ் எழுத்தில் தமிழைத் தவிர வேறொன்றையும் எழுத முடியும் என்பதைச் சேலத்தில் இன்னும் பாடமாக வைக்கவில்லை.

அவனுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். சத்து. பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ‘மாரண்ணா சத்து ஓத.’ ‘ஆண்டி சத்து ஓத.’ பிப்ரவரிக்குப் பிறகு அது இல்லாத பக்கமே அபூர்வம். சில பக்கங்களில் இரண்டு தடவை, மூன்று தடவை.

படிக்கத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதற்கு அவன் கல்லூரிக்குப் போகாமலே இருந்திருக்கலாம். மறுநாள் நஞ்சம்மாள் வந்து நின்றபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

“கவலையே படாதீங்க பெரீம்மா. மாதப்பனுக்கு அங்க நல்ல சத்தான சாப்பாடு. பக்கத்துக்குப் பக்கம் அதேதான் எழுதியிருக்கான். சத்து, சத்துன்னு.”

“நெசமாவா?”

“எழுதியிருக்கறதத்தான சொல்றேன்.”

நஞ்சம்மாள் அங்கேயே கீழே உட்கார்ந்தாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து நேராகக் கிணற்றடிக்குப் போனாள். அங்கே என்ன பேசினாள் என்று ஊருக்கே கேட்டது. சாயங்காலம் ஒரு முறம் நிறைய அவரைக்காயோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு அவள் வீட்டில் இரண்டு வேளையும் அடுப்பு எரிந்தது என்று தீர்த்தம்மாள் சொன்னாள். “உனக்குப் புண்ணியமாப் போவுதுடா” என்றும் சொன்னாள். பெரியண்ணன் அந்த அவரைக்காய்ப் பொரியலை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ‘கொசு’வின் தை இதழுக்கு விஷயம் போதவில்லை. ராத்திரி ஒரு தாளை எடுத்து எழுதினான்: ‘பர்மாப் போர்முனையில் நடந்தது என்ன? மாரண்ணா என்பவர் அங்கே சத்தைப் பற்றி ஓதுகிறார். அவர் ஓதி ஓய்ந்ததும் ஆண்டி ஓதுகிறார். பட்டாளம் முழுவதும் முறை வைத்து ஓதியதைக் கேட்க முடியாமல்தான் ஜப்பான்காரன் ஓடினான் என்பது வரலாறு.’ எழுதி முடித்துத் தானே சிரித்துக்கொண்டு, தாளை மடித்து டைரிக்குள் சொருகி வைத்தான்.

சந்தைக்கு மறுநாள் நஞ்சம்மாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை தலை சீவியிருந்தாள்.

“கண்ணு, எங்க வாசல்ல எல்லாரும் அவரைக்காய் உரிக்கறாங்க. கோவிந்தம்மாவும் வந்திருக்கா. நீ வந்து ரெண்டு பக்கம் சத்தமாப் படிச்சுரு. அவ காதுல விளுவட்டும். என் மவன் வாய்ச்சொல்லு எப்படி இருக்குதுன்னு நானும் கேக்கறேன்.”

பெரியண்ணன் டைரியை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். பிறகு, எழுத்தைப் பார்த்து ஒலி எழுப்புவதில் என்ன கஷ்டம், புரியாவிட்டால் அவர்கள் பாடு என்று கிளம்பினான்.

வாசலில் வெயில் ஏறியிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கன்னடக்கார வீடுகள்தான். நடுவில் மலையாக ஒரு குவியல். அதன் அந்தப்பக்கம் கோவிந்தம்மாள், நஞ்சம்மாளின் புருஷனோடு பிறந்தவள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

“வாய்யா காலேஜு,” என்றாள். “பட்டாளத்துல எங்க மாதப்பன் கறி தின்ன கதையப் படிக்க வந்தியா? படி, படி. நாங்களும் நாக்கச் சப்புக்கொட்டிக்கறோம்.”

பெரியண்ணனுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். அதன்மேல் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒன்றைத் திறந்தான். கல்லூரி நாடகத்தில் ராஜா வேஷம் போட்ட குரல் அவனிடம் இருந்தது. அதையே எடுத்தான்.

“அவ்வா! இவத்து மாரண்ணா சத்து ஓத!”

சத்து என்ற இடத்தில் கையைத் தூக்கி ஒரு முத்திரை வைத்தான்.

காய் உரிக்கிற சத்தம் நின்றது.

நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தான். அடுத்த பக்கத்தைத் திருப்பி இன்னும் உரக்க, “ஆண்டி சத்து ஓத! ஆண்டி தம்மனூ சத்து ஓத!” என்றான். அதற்கும் கையைத் தூக்கினான்.

கையை இறக்குவதற்குள் கோவிந்தம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். மடியிலிருந்த அவரைக்காய் எல்லாம் கொட்டியது.

“நிறுத்துடா டேய்!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒருத்தியும் சிரிக்கவில்லை. நஞ்சம்மாள் உரித்த கொட்டை ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்தபடி அப்படியே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கோவிந்தம்மாளைப் பார்த்தான்.

“என்னங்க ஆச்சு?”

“என்ன படிக்கறேன்னு தெரியுதா உனக்கு?”

“மாதப்பன் எழுதுனதுங்க. கொஞ்சம் தப்பும் தவறுமா...”

“தப்பு இல்லடா. எங்க பேச்சுடா அது. எங்க பேச்ச உங்க எளுத்துல எளுதியிருக்கான்.” அவளுடைய பெரிய குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. “சத்து ஓதன்னா செத்துப்போனான்னு அர்த்தம். மாரண்ணன் செத்துப்போனான். ஆண்டி செத்துப்போனான். ஆண்டியோட தம்பியும் செத்துப்போனான்.”

பெரியண்ணன் கையிலிருந்த டைரியைப் பார்த்தான். பக்கத்துக்குப் பக்கம். சில பக்கங்களில் இரண்டு, மூன்று. அவன் அதைத்தான் சத்தான சாப்பாடு என்று சொன்னான். அவளும் அதைக் கேட்டு அடுப்பு மூட்டினாள். அவன் பொரியலை இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

டைரியை மூடினான். மூடிய வேகத்தில் உள்ளிருந்த தாள் நழுவிக் கட்டிலுக்குக் கீழே விழுந்தது.

“அது என்ன?” என்றாள் நஞ்சம்மாள். வாசலில் அவள் பேசிய முதல் பேச்சு. “அதுவும் அவன் எளுதுனதா?”

“இல்லீங்க. அது என்னுது.”

“அதுல என்ன எளுதியிருக்குது?”

“ஒண்ணும் இல்லீங்க பெரீம்மா.”

தாளை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழப்போனான்.

“ஓது” என்றாள் நஞ்சம்மாள்.

அந்தச் சொல்லுக்கு மட்டும் அவனுக்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வேண்டாங்க. எனக்குத் தெரியாமப் போச்சுங்க. வேற யாராவது...”

“வேற யாரு இருக்கா? மொதப் பக்கத்துல இருந்து ஓது.”

“எப்படீங்க படிக்கறது இத?”

“உனக்கென்ன?” என்றாள், கோபமே இல்லாமல். “உனக்குத்தான் ஒண்ணும் புரியாதே. உனக்கு எங்க வலிக்கப்போவுது? ஓது.”

அவன் முதல் பக்கத்தைத் திறந்தான். ராஜா குரல் வரவில்லை. எந்தக் குரலும் சரியாக வரவில்லை. எழுத்தெழுத்தாக, முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் மாதிரி வாசித்தான்.

விசித்திரமான வாசிப்பு அது. கண் அவனுடையது, காது அவளுடையது. தன் வாயிலிருந்து என்ன போகிறது என்று அவனுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு வரிக்கு நஞ்சம்மாள் சிரித்தாள். பக்கத்திலிருந்த பெண்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்கள். ஏதோ கோவேறு கழுதையைப் பற்றியாம். அடுத்த வரிக்கு அவள் தலை குனிந்தது. அந்த வரியில் மாதப்பன் என்ன சொன்னான் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஓரிடத்தில் மழையால் பென்சில் கரைந்து போயிருந்தது. “இங்க அழிஞ்சிருக்குதுங்க” என்றான். அவள் தலையை ஆட்டி, அழிந்ததற்கும் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, “ம்” என்றாள்.

ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் ஒரே வரி வந்தது. ‘நீ உண்டியா?’ உண்டியல் என்று எழுத வந்து விட்டுவிட்டான் என்று முதலில் புரட்டியபோது நினைத்திருந்தான். இப்போது வாய்விட்டுப் படித்ததும் அந்தச் சொல் தானாகவே திறந்துகொண்டது. நீ உண்டாயா? நீ சாப்பிட்டாயா?

அந்த வரி வரும்போதெல்லாம் நஞ்சம்மாள் மெதுவாக, “உண்டெ” என்றாள்.

பக்கம் முடியும். “நீ உண்டியா?” என்று அவன் படிப்பான். “உண்டெ” என்பாள். அடுத்த பக்கம்.

கோவிந்தம்மாள் குவியலைச் சுற்றிக்கொண்டு இந்தப்பக்கம் வந்து, நஞ்சம்மாளை ஒட்டி உட்கார்ந்தாள். பெரியண்ணன் மூச்சு வாங்க நிறுத்திய ஒரு சமயம், அவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். “வூட்ல இருக்கையில தினமும் இதான் நடக்கும். அவன் உண்டியான்னு கேப்பான். இவ உண்டெம்பா. சட்டியில ஒண்ணும் இருக்காது. அவனுக்கும் அது தெரியும். அதனாலதான் கடைசியில வரிசையில போயி நின்னான். இவ கூட்டிட்டுப் போனதால இல்ல.” கொஞ்சம் பொறுத்து, “நானும் வாய் இருக்குதுன்னு என்னென்னமோ பேசிட்டேன்” என்றாள்.

மார்ச் மாதம் வந்தது. ‘சத்து ஓத’ வரிசையாக வந்தது. பெயர்கள் எல்லாம் தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகக் கலந்து கிடந்தன. பெரியண்ணன் இப்போது ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் கொஞ்சம் நின்றான். அந்தப் பெயர்களுக்குச் சொந்தமான வாசல்கள் எங்கெங்கோ இருந்தன. அங்கெல்லாம் தந்தி மட்டும் போயிருக்கும்.

பிறகு ஒரு நீளமான பக்கம். அதை முடித்ததும் நஞ்சம்மாள், “திரும்ப” என்றாள். திரும்பப் படித்தான். “இன்னொருக்கா.” மூன்றாவது தடவை படித்து முடித்தபோது அவள் முடிச்சிலிருந்து அந்த அலுமினியத் தட்டை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க அதுல?” என்று கோவிந்தம்மாளைக் கேட்டான்.

கோவிந்தம்மாள் தாழ்ந்த குரலிலேயே சொன்னாள்.

“ரோடு போடற எடத்துல காய்ச்சலாம். தினமும் ஆளு சாவுதாம். அரிசி மூட்டை மட்டும் பழைய கணக்குக்கே வருதாம். செத்தவங்க பங்க என்ன பண்றதுன்னு சமையக்காரன் இருக்கறவங்க தட்டுலயே போடறானாம். ‘அவ்வா, ஒட்டெ தும்பித்து’ன்னு எளுதியிருக்கான். அம்மா, வயிறு ரொம்பிருச்சுங்கறான். நீ சொன்ன மாதிரி வயிறு நெறயத் தின்னேன்னு எளுதியிருக்கான்.”

பெரியண்ணன் டைரியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கேட்ட ஒரே கேள்விக்கு அவன் தெரியாமல் சொன்ன பதில் சரியாகவே இருந்தது. மாதப்பன் நன்றாகத் தின்றான். சத்து இருந்தது. அது தட்டுக்கு வந்த வழியைத்தான் அவன் சரியாகச் சொல்லவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ முறை வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கிறான், ஒன்றும் ஆனதில்லை. இது ஒன்று பலித்துவிட்டது.

“ஓது” என்றாள் நஞ்சம்மாள்.

இன்னும் கொஞ்சம் பக்கங்கள்தான் இருந்தன. எழுத்து சரியத் தொடங்கியது. குண்டு எழுத்துகள் மெலிந்தன. ஒரு பக்கத்தில் இரண்டே வரி. அடுத்ததில் யார் பெயரும் இல்லை. சொல்வதற்கு ஆள் மிச்சம் இல்லையோ, எழுதக் கை வரவில்லையோ. கடைசிப் பக்கத்தில் ‘ஒட்டெ’யும் இல்லை, ‘தும்பித்து’ம் இல்லை. கோட்டை விட்டு விலகிக் கீழே இறங்கிப் போகிற எழுத்தில் ஒரே வரி. அதற்குப் பிறகு அச்சடித்த தேதிகள் மட்டும், டிசம்பர் வரைக்கும், வெள்ளையாக.

“அவ்வளவுதாங்க பெரீம்மா. ஒரு வரி இருக்குது.”

“ஓது.”

“நீ உண்டியா?”

பெண்கள் எல்லாரும் நஞ்சம்மாளைப் பார்த்தார்கள். வெயில் கட்டில் காலைத் தாண்டி அவரைக்காய்க் குவியலுக்குப் போயிருந்தது. கவிழ்த்து வைத்த தட்டின் முதுகில் ஏதோ எண் வெட்டியிருந்தது. அதை விரலால் தடவியபடி, இத்தனை பக்கமும் சொன்னதைச் சொல்லாமல், இத்தனை வருஷமும் சொன்னதைச் சொல்லாமல், அவள் மகனுக்குச் சொன்னாள்:

“இல்ல, மகா.”

அப்புறம்தான் அழுதாள். கோவிந்தம்மாள் அவளைத் தன் பெரிய உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் தலை குனிந்து, ஏதாவது செய்ய வேண்டுமே என்று, காய் உரிக்க ஆரம்பித்தார்கள்.

பெரியண்ணன் எழுந்து போய்விட நினைத்தான். வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நின்று அந்த ஒரே கேள்வியைக் கேட்பாள். அதற்கு இனிமேல் எப்படிப் பதில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துக் கோவிந்தம்மாள் உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். பெரியண்ணன் பின்னாலேயே போய், பையிலிருந்த தாளை அதில் போட்டான். ஒரு தம்ளர் தண்ணீர் சுடுவதற்குக்கூட அது போதாது. குப்பென்று எரிந்து அடங்கியது. கோவிந்தம்மாள் என்ன என்று கேட்கவில்லை. களியைக் கிண்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்; புகை என்று அவள் சொல்லவுமில்லை.

களி உருண்டையை அவள் கொண்டுவந்தபோது நஞ்சம்மாள் மடியிலிருந்த தட்டை நிமிர்த்தி நீட்டினாள். உருண்டை நடுவில் விழுந்து ஆவி பறந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டாகப் பிட்டாள். பிட்டபின், பாதியைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் நின்ற பெரியண்ணனை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அவன் வாய் ஓயவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“நீ உண்டியா?” என்றாள். தமிழில் கேட்க மறந்துவிட்டாள்.

“இல்ல” என்றான் பெரியண்ணன்.

அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் ஒன்றுதான்.